ஆணி அடிக்காத சுவர்

புதுச்சேரியில் மதியம் ஒன்றரைக்கு மேல் உயிரை விடப் போகிறவர்கள்கூட நாலு மணிவரை பொறுத்துக்கொள்வார்கள் என்று லூர்துபிரகாஷ் சொல்வான். அந்த நேரத்தில் அழ ஆள் கிடைக்காது. நேரு வீதியிலிருந்து முத்தியால்பேட்டைவரை ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கிவிடும். நாய்கள் பைக்குகளின் நிழலுக்குள் சுருண்டுகொள்ளும். வெயில் மட்டும், வந்த வீட்டில் யாரும் கதவு திறக்காத விருந்தாளியைப்போலத் தெருவில் நின்றுகொண்டிருக்கும். வெள்ளைக்காரன் கப்பலேறியபோது எத்தனையோ விட்டுவிட்டுப் போனான். ஊர் அதில் முழுமனதோடு எடுத்து வைத்துக்கொண்டது இந்தத் தூக்கத்தைத்தான்.

அந்தத் தூக்க நேரத்தில்தான் லூர்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினான். அவனிடம் படிக்க வந்தவர்கள் எல்லோரும் கடைகளில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்கள். கடை சாத்திக் கிடக்கும் இடைவெளியில் மாடியேறி வந்து, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, அரைக்கண் மூடியபடி இங்கிலீஷ் கற்றுக்கொண்டார்கள். தூக்கத்தில் காதில் விழுந்தது மறக்கவே மறக்காது என்று அவர்களுக்குத் தைரியம் சொல்வான். அவனே பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தான் என்பதைத் தவிர அதற்கு ஆதாரம் கிடையாது.

ஒரே அறை. அதுதான் வகுப்பு, அதுதான் வீடு. வாடகைக்கு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன; ஆனால் நான்கு சுவரிலும் ஒரு ஆணிகூடக் கிடையாது. சட்டை ஜன்னல் கம்பியில் தொங்கும். கடிகாரம் அலமாரித் தட்டில் மல்லாக்கப் படுத்துக் கிடக்கும். மணி பார்க்க வேண்டுமென்றால் எழுந்து போய் குனிந்து பார்க்க வேண்டும், நோயாளியைப் பார்க்கிறமாதிரி. கரும்பலகையைப் பிளாஸ்டிக் நாற்காலிமேல் சாய்த்து வைத்திருந்தான். கீழ்வரியை எழுதும்போது மண்டி போட வேண்டும். பிள்ளைகளை மண்டி போட வைக்கிற வாத்தியாரைப் பார்த்திருக்கிறோம், தானே போடுகிற வாத்தியார் நம் சார்தான் என்று ஜவுளிக்கடை ஹரிகிருஷ்ணன் பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

ஆணி அடிக்காததற்குக் காரணம் பிரான்ஸ்.

லூர்துவின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய். சைகோனில் துப்பாக்கி தூக்கியவர். இன்றைக்கும் வயதானவர்கள் சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல்லை வைத்து அவர்கள் குடும்பத்தை ‘சொல்தா வீடு’ என்றுதான் சொல்வார்கள். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபின், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் வந்து சொல்லலாம் என்று ஆறு மாதம் அவகாசம் கொடுத்தபோது பெரியப்பா போய்ச் சொல்லிவிட்டார். லூர்துவின் அப்பா வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருந்தார். திரும்பி வந்து கால் கொப்புளம் ஆறுவதற்குள் தேதி முடிந்துவிட்டது என்பது குடும்பக் கதை. ஆறு மாதம் கொப்புளம் ஆறாத மனிதரின் பிள்ளைக்கு வேகம் எங்கிருந்து வரும் என்று லூர்து தன்னையே கேலி செய்துகொள்வான். பெரியப்பா பிள்ளை கிறிஸ்துதாஸ் பாரீஸுக்குப் பக்கத்தில் செட்டிலாகி, அங்கே ஒரு வக்கீலைப் பிடித்து, தம்பிக்காகக் கேஸ் போட்டிருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போனில் சொல்வார்: “வர்ற வருஷம் பாப்பியே வந்துடும்டா லூர்து. பொட்டியக் கட்டி வை.” பாப்பியே என்றால் குடியுரிமைக் காகிதம்.

லூர்து பெட்டியைக் கட்டி வைத்தான். அதற்குள் சண்டே மார்க்கெட்டில் வாங்கிய ஒரு கம்பளிக் கோட்டு இருந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க அக்னி நட்சத்திரத்தில் அதை எடுத்து மொட்டை மாடியில் காயப்போடுவான். கீழ்வீட்டு ஓனர் ஜானகிராமன் அண்ணாந்து பார்த்துவிட்டு, “என்னா சாரே, கரடி காயுதா?” என்பார். போகப் போகிற ஆள் எதற்கு ஓனர் சுவரில் ஓட்டை போட வேண்டும்? அதனால்தான் ஆணி இல்லை.

இதெல்லாம் யாருக்கும் கஷ்டமில்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ரோசா வரும்வரை.

ரோசா மிஷன் வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். குருசுக்குப்பத்துப் பெண். நாற்பதைத் தொடப் போகிறவள். அப்பா போனபின் தம்பிகளைப் படிக்க வைத்து, கல்யாணம் பண்ணி வைத்து, அம்மாவோடு தனியாக இருந்தாள். புத்தகத்தைக் கைநீட்டிப் படிக்க ஆரம்பித்த லூர்து ஒருநாள் அந்தக் கடைக்குப் போக, எழுத்து அட்டைக்கு முன்னால் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னாள்.

“தூரத்துல இருக்கறது சூப்பராத் தெரியுது சார். பக்கத்துல இருக்கறதுதான் தெரியல. வெள்ளெழுத்து. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்.”

“எனக்குப் பொறந்ததுலேர்ந்தே அப்படித்தாங்க” என்றான் லூர்து. அவள் சிரித்துவிட்டாள். அடுத்த வாரமே வகுப்பில் சேர்ந்தாள். கடையில் தூக்கிப் போட வைத்திருந்த பழைய எழுத்து அட்டையைச் சுருட்டி எடுத்து வந்து, “உங்க வகுப்புல மாட்டிக்கங்க சார், எழுத்து சொல்லிக்குடுக்க ஆவும்” என்று கொடுத்தாள். மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப்போகப் பொடிப்பொடியாக. லூர்து அதை வாங்கிக் கதவுக்குப் பின்னால் சுருட்டியபடியே நிறுத்தி வைத்தான். மாட்ட ஆணி இல்லையே.

ரோசாவுக்கு ஏற்கெனவே இங்கிலீஷ் நன்றாகவே வரும் என்பதை அவன் கவனித்தான். எதற்கு வருகிறாள் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

சாயங்காலங்களில் வண்டிகள் விடாத கடற்கரைச் சாலையில் இரண்டு பேரும் வேர்க்கடலை கொறித்தபடி நடப்பார்கள். அவனுக்கு அவள் வகுப்பில் ‘நீங்க’, கடற்கரையில் ‘நீ’. அவள் மட்டும் இரண்டு இடத்திலும் ‘சார்’தான். அலை பாறையில் வந்து மோதும். இப்படியே சில வருஷங்கள்.

ஒரு புதன்கிழமை நடந்துகொண்டிருக்கும்போது ரோசா நின்றாள்.

“காரைக்கால்லேர்ந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கு சார். மனைவிய இழந்தவரு. நல்ல மாதிரின்னு பங்குச் சாமியாரே சொல்றாரு. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வர்றாங்களாம். அம்மா என்னைக் கேக்குது. நான் என்னா சொல்லட்டும்?”

அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் லூர்து இத்தனை வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தான். ஒத்திகையில் பிரமாதமாகப் பேசுவான். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

“கொஞ்சம் வெயிட் பண்ணேன் ரோசா. பாப்பியே வந்துடும்.”

அவள் கையிலிருந்த கடலைத்தோலைக் காற்றில் விட்டாள். அது பறந்துபோய் அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் வகுப்பு. லூர்துவின் முறை, ஒரு நாளைக்கு ஒரு ஜோடி. பொருளில் அண்ணன் தம்பி மாதிரி நெருங்கி நிற்கும் இரண்டு வினைச்சொற்களை எடுத்துக்கொண்டு, எதில் சேருகிறார்கள், எங்கே பாகம் பிரித்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பது. எல்லோரும் தங்கள் கடையிலிருந்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

“இன்னைக்கி ஜோடிய நான் குடுக்கறேன் சார்” என்றாள் ரோசா. “வெயிட், ஸ்டே. ரெண்டுத்துக்கும் என்னா வித்தியாசம்?”

லூர்து சுண்ணாம்புக்கட்டியை எடுத்தான். இதைப்போல் சுலபமான ஜோடி கிடையாது.

“ரெண்டு பேரும் நகராம ஒரே எடத்துலதான் இருக்காங்க. வெளிய நின்னு பாத்தா வித்தியாசமே தெரியாது. ஆனா வெயிட் பண்றவனுக்கு முன்னால ஏதோ ஒண்ணு வரணும். பஸ்ஸோ, ஆளோ, ரிசல்ட்டோ. அது வந்ததும் அவன் வேலை முடிஞ்சுது, கெளம்பிடுவான். ஸ்டே பண்றவனுக்கு எதுவும் வர வேணாம். இந்த எடம் போதும்னு இருக்கான்.” சொல்லச் சொல்லத் தனக்கே நன்றாக இருந்தது. “வெயிட் பண்றவன் கண்ணு ரோட்டுல இருக்கும். ஸ்டே பண்றவன் கண்ணு வீட்டுக்குள்ள இருக்கும்.”

ஹரிகிருஷ்ணன் விழித்துக்கொண்டான். “சார், எங்க கடையில கத்திரிப்பூ கலர்ல ஒரு பட்டுப்புடவ இருக்குது. மொதலாளி கல்யாணத்தப்ப வந்த ஸ்டாக்கு. அது வெயிட் பண்ணுதா, ஸ்டே பண்ணுதா?”

“யாராவது வாங்குவாங்கன்னு நெனச்சிட்டிருந்தா வெயிட்டிங்.”

“அது நெனைக்கும் சார், பாவம். நாங்கதான் நெனைக்கறதில்ல.”

எல்லோரும் தூக்கக் கலக்கத்தோடு சிரித்தார்கள். ஃபேன் சுற்றியது. ஜன்னல் கம்பியில் லூர்துவின் சட்டை, யாரோ வந்து எட்டிப் பார்ப்பதுபோல் மெல்ல ஆடியது. ரோசா எழுந்து நின்றாள். வாக்கியத்தை ஒவ்வொரு வார்த்தையாக வைத்தாள், கண்ணாடிச் சட்டத்தில் திருகாணி முடுக்குகிற கவனத்தோடு.

“சார் இஸ் வெயிட்டிங் இன் முத்தியால்பேட்டை. சார் இஸ் நாட் ஸ்டேயிங் இன் முத்தியால்பேட்டை.”

“வெரி குட்” என்றான் லூர்து. வாத்தியார் வாய், பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“இன்னொண்ணு சார். ஐ வாஸ் வெயிட்டிங். நௌ ஐ ஆம் நாட் வெயிட்டிங்.”

“கரெக்டா சார்?” என்று ஹரிகிருஷ்ணன் கேட்டான். “நான் எழுதிக்கட்டுமா?”

கீழ்வரி எழுதுவதற்காக மண்டி போட்ட லூர்து எழுந்திருக்காமல் அப்படியே இருந்தான். வகுப்பு முடிந்ததும் ரோசா எல்லோருக்கும் முன்னால் படியிறங்கிப் போனாள். வெள்ளிக்கிழமை வரவில்லை.

அன்றைக்கு எல்லோரையும் சீக்கிரமாக அனுப்பிவிட்டு லூர்து தரையில் படுத்தான். தரையின் குளுமை முதுகில் ஏற, சுவர்கள் வெளுத்துக்கொண்டே போயின. அவன் பிரான்ஸில் இருந்தான். பனி கொட்டியது, கிட்டப் போய்ப் பார்த்தால் பஞ்சுமில்லில் பறக்கிற பஞ்சு. வீதி முழுக்கக் கதவுகள் சாத்திக் கிடந்தன. அங்கேயும் மதியத் தூக்கம்போல. கோட்டு தண்ணீரில் நனைந்த மாதிரி கனத்தது. கழற்றி மாட்டலாமென்றால் எந்தச் சுவரிலும் ஆணி இல்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, “ஒரே ஒரு ஆணி இருக்குங்களா?” என்று கேட்டுக்கொண்டே போனான். கடைசி வீட்டுக்குள் ரோசா எழுத்து அட்டை பக்கத்தில் குச்சியோடு நின்றிருந்தாள். “கீழ்வரி படிங்க சார்” என்றாள். குனிந்து, கண்ணைச் சுருக்கி, மூக்கு அட்டையில் இடிக்கும்வரை போனான். தெரியவில்லை. அட்டைக்குப் பின்னால் கடல் சத்தம் கேட்டது. அது மட்டும் குருசுக்குப்பத்துக் கடல்தான் என்று நன்றாகத் தெரிந்தது.

சனிக்கிழமை கிறிஸ்துதாஸ் கூப்பிட்டார்.

“டேய் தம்பி, வக்கீல் பேசினாரு. அடுத்த வருஷம் நிச்சயம்ங்கறாரு.”

“சரிண்ணே.”

“என்னாடா உசுரே இல்லாம சொல்ற? அதிருக்கட்டும், எனக்கு ஒரு வேல செய்யணும். காலாப்பட்டுப் பக்கம் கடல் பாத்த மாதிரி ஒரு மனை பாரு. பென்ஷன் வந்ததும் பொறப்பட்டு வந்துடலாம்னு இருக்கேன். ஒங்க அண்ணி மீன் சட்டிலேர்ந்து எல்லாத்தையும் இப்பவே மூட்ட கட்டிடுச்சி.”

“எப்பலேர்ந்துண்ணே இந்த யோசன?”

“வந்த மொதநாள்லேர்ந்து!” அந்தப் பக்கம் சிரிப்பு. “இங்க என்னா இருக்கு? நாளைக்கி போவப்போறோம், நாளைக்கி போவப்போறோம்னே இத்தினி வருஷம் ஓடிப்போச்சி.”

லூர்து சுவரைப் பார்த்தபடி கேட்டான். “அண்ணே, ஒங்க வீட்ல சுவத்துல ஏதாவது மாட்டியிருக்கீங்களா?”

“சுவத்துலயா? அப்பா போட்டோ இருக்கு, அது ஃப்ரிட்ஜ் மேல சாச்சி வச்சிருக்கு. போவப் போற வீட்டுக்கு எதுக்குடா ஆணி?”

போனை வைத்தபின் லூர்து அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். கடல் கடந்து ஒரு அண்ணன் இந்த ஊருக்காகவும், இங்கே ஒரு தம்பி அந்த ஊருக்காகவும் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

ஞாயிறு. பூசை முடிந்து, சாப்பிட்டு, ஊர் படுத்துவிட்டது. அப்போதுதான் லூர்துவுக்குத் தீர்மானம் வந்தது. பரம்பரைக் கொப்புளம், சரியான நேரத்தில் எதுவும் வராது. சுவரில் ஆணி அடிக்க வேண்டும், உடனே. அவனிடம் ஆணியும் இல்லை, சுத்தியலும் இல்லை, முத்தியால்பேட்டையில் திறந்திருக்கும் ஹார்டுவேர் கடையும் இல்லை. நாலு மணிக்குக் காரைக்கால் வந்துவிடும்.

பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காந்தி வீதிக்கு வண்டியை விட்டான். அங்கே சண்டே மார்க்கெட் மட்டும் தூங்காது. பழைய துணிகளையும் இரும்புச் சாமான்களையும் சாக்கில் பரப்பியிருந்தவர் கோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“இந்த ஊர்ல இத யாரு சார் போடுவா?”

“நீங்கதாங்க எனக்கு வித்தீங்க.”

“நானா?” அவர் கோட்டை மூக்கருகே கொண்டுபோய் அந்துருண்டை வாசனை பிடித்தார். “அப்ப நீங்க போவலியா?”

“போவல.”

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பிடி தளர்ந்த ஒரு சுத்தியலையும் ஒரு கைப்பிடி அளவு ஆணிகளையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

முதல் அடி விழுந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அந்த அமைதியில் அது துப்பாக்கி வெடித்தமாதிரி கேட்டது. இரண்டாவது அடிக்கு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மூன்றாவது அடி கட்டை விரலில். நாலாவதற்கு நாய்கள் எல்லாம் எழுந்து குரைக்க, முத்தியால்பேட்டையின் அந்தத் தெரு, சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாக மதியத்தில் விழித்துக்கொண்டது. ஜானகிராமன் லுங்கியை ஒரு கையில் பிடித்தபடி மூச்சு வாங்க மாடிக்கு வந்தார்.

“யோவ் லூர்து! யாருய்யா செத்துட்டா?”

“யாரும் சாவலண்ணே. நான் குடி வந்திருக்கேன்.”

ஜானகிராமன் சுவரைப் பார்த்தார், பெயர்ந்து விழுந்த காரையைப் பார்த்தார், விரலைச் சூப்பிக்கொண்டு நிற்கும் வாடகைக்காரனைப் பார்த்தார். திட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்த வார்த்தைகளை என்ன செய்வதென்று தெரியாமல், “கோணலா எறங்கியிருக்குது பாரு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போனார்.

கதவுக்குப் பின்னாலிருந்த எழுத்து அட்டையை விரித்து மாட்டினான். பக்கத்தில் நின்று பார்த்தான், கண்ணாடி போட்டுக்கொண்டும் பார்த்தான். மிச்ச ஆணிகள் சட்டைப்பையில் கிடக்க, சுத்தியலைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே வண்டியை எடுத்தான்.

குருசுக்குப்பத்தில் வலைகள் மணலில் காய்ந்துகொண்டிருந்தன. ரோசா வீட்டு வாசலில் வண்டி எதுவும் நிற்கவில்லை. ரோசா பழைய நைட்டியில், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பெண்பார்க்க வரும் வீடாகவே தெரியவில்லை. லூர்துவையும் அவன் கையையும் பார்த்தாள்.

“என்னா சார், மாப்பிள்ளைய அடிக்க வந்தீங்களா?”

“எங்க அவங்க?”

“வெள்ளிக்கெழமயே வர வேணாம்னு சொல்லிட்டேன்.”

லூர்து சந்தோஷத்தில் ஒரு எட்டு முன்னால் வந்தான். “அப்ப நீ எனக்காக...”

“ஒங்களுக்காக ஒண்ணுமில்ல.” குரலில் கோபம் இல்லை. “வெயிட் பண்றத விட்டுட்டேன்னுதான் சொன்னேன். காரைக்கால் போறேன்னு சொல்லலியே. நான் இங்கதான். எங்கம்மா, என் கட, இந்தக் கடலு. யார் வந்தாலும் வரலைனாலும் எனக்கு இது போதும். வகுப்புல அவ்ளோ நல்லா வெளக்குனீங்க, ஒங்களுக்கே புரியல பாத்தீங்களா?”

அவனுக்குப் புரிந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. விரலா, வேறு இடமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, மாட்டிய அட்டையின் போட்டோவைக் காட்டினான்.

ரோசா வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள், சுவரில் விழுந்திருந்த ஓட்டைகளையும் பார்த்தாள். ரொம்ப நேரம் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

“கோட்டு?”

“சண்டே மார்க்கெட்டுக்கே குடுத்துட்டேன். ரோசா, பாப்பியே வந்தாலும் நான் இங்கதான் இருக்கப்போறேன். நீ இருக்கிற ஊர்ல. ஒனக்கு இஷ்டமிருந்தா ஒங்கூட. இல்லன்னா முத்தியால்பேட்டையில.”

ஒத்திகையில் இல்லாத வசனம். அதனால் கடைசிவரை வந்துவிட்டது.

“சார்ட்டு கோணலாத் தொங்குது” என்றாள் ரோசா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டதுபோல் பாவனை செய்தாள். “நாளைக்கி வகுப்புக்கு வந்து நேராக்கறேன்.”

உள்ளேயிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. “யாருடி அது?”

“சாரும்மா. சுத்தியலோட வந்திருக்காரு.”

“நல்லதாப் போச்சி. மாதா படம் விழுந்து எத்தினி மாசமாவுது, யார்கிட்ட சொன்னாலும் நாளைக்கி நாளைக்கின்றாங்க. உள்ள வந்து அடிச்சிட்டுப் போவச் சொல்லு.”

“அடிச்சிட்டுப் போவணுமாம்” என்றாள் ரோசா, வழிவிட்டு நகர்ந்தபடி. “மொத பாதி மட்டும் கேளுங்க.”

லூர்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். மாதா, மேசைமேல் சுவரோடு சாய்ந்து பொறுமையாக நின்றிருந்தாள். தூரத்தில் எங்கோ முதல் ஷட்டர் மேலே ஏறும் சத்தம் கேட்டது. நாலு மணி ஆகிவிட்டது. இனி எவ்வளவு சத்தமாக அடித்தாலும் ஊரில் யாரும் திட்ட முடியாது. ரோசா ஆணியை விரலால் பிடித்துக்கொண்டாள். “என் கையில போட்டுடாதீங்க” என்றாள்.

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓங்கினான்.